கப்பல்காரர்கள் தங்கிய வீடு

எங்கள் வீடு ஒரு ஹோட்டல் என்று சிங்கப்பூரில் ஒரு கம்பெனி நம்பிக்கொண்டிருந்தது. அதுவும் சாதாரண ஹோட்டல் இல்லை, மவுண்ட் ரோட்டுப் பக்கம் வாசலில் தலைப்பாகைக்காரர் நின்று கதவைத் திறந்துவிடுகிற ஹோட்டல். உண்மையில் அது கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஓட்டு வீடு. ஒரு அறை, ஒரு கூடம், ஒரு சமையற்கட்டு, பின்னால் கிணறு, கிணற்றடிக்கு அப்பால் கக்கூஸ். வாசலில் நின்று கதவைத் திறந்துவிட்டது என் அக்கா.

எண்பதுகளின் பிற்பகுதி அது. நான் பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்த்தேன். எங்கள் தெருக்காரர்கள் ஏஜென்சி என்றால் சொந்தமாகக் கப்பல் வைத்திருப்பவர்கள் என்று நினைத்து எனக்குக் கொஞ்ச காலம் மரியாதை கொடுத்தார்கள். கப்பல் வைத்திருக்கிறவன் எங்கோ இருப்பான். அவன் கப்பல் இங்கே வந்தால் அதற்கு ஆக வேண்டியதையெல்லாம் செய்து கொடுக்கிறவன்தான் ஏஜெண்ட். துறைமுகத்தில் இடம் கேட்பது, கஸ்டம்ஸ் அனுமதி வாங்குவது, தண்ணீரும் டீசலும் காய்கறியும் ஏற்றுவது, பல்வலி வந்த மாலுமியைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போவது, எல்லாம் அதில் அடக்கம். கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர்கள் மாதிரி. எதிலும் குறை வரக் கூடாது, வந்தால் திட்டு நமக்கு.

எங்களுக்கு வந்தவை சரக்குக் கப்பல்கள் இல்லை. கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று துளை போட்டுப் பார்க்கிற பெரிய கப்பல் ஒன்று தெற்கே நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தது. அதற்குக் குழாயும் சிமெண்டும் சாப்பாடும் ஆட்களும் கொண்டுபோகிற சின்னக் கப்பல்கள் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து போகும். துளை போடுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். ஒரு மாதம் கடலில் வேலை, ஒரு மாதம் ஊரில் லீவு. மாதாமாதம் ஒரு கூட்டம் கப்பலிலிருந்து இறங்கி விமானம் ஏறும், இன்னொரு கூட்டம் விமானத்திலிருந்து இறங்கிக் கப்பல் ஏறும். இறங்குகிறவர்களைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவைப்பது என் வேலை.

பத்திரமாக என்பதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. வெளிநாட்டு மாலுமி கப்பலை விட்டுக் கரையில் கால் வைத்தால் அவனுக்கு ஏஜெண்ட்தான் ஜாமீன். இவனை இன்ன விமானத்தில் ஏற்றிவிடுவோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வெளியே கூட்டிவர முடியும். அவன் நடுவில் கம்பி நீட்டிவிட்டால் கம்பெனிக்குத் தண்டம், எனக்கு வேலை போய்விடும். அதனால் அவன் விமானப் படியில் ஏறும்வரை நான் அவனைக் கண்ணை விட்டு அகல விடக் கூடாது. அவன் கடைத்தெரு பார்க்கப் போனால் நானும் போக வேண்டும், அவன் தூங்கினால் நான் வாசலில் உட்கார வேண்டும்.

முதல் தடவை நடந்தது நிஜமாகவே அவசரம்தான். மீனம்பாக்கத்தில் விமானம் ரத்தாகிவிட்டது. மூன்று பேரை வைத்துக்கொண்டு நான் விமான நிலையத்திலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். ஹோட்டலுக்குத் திருப்பிக் கூட்டிப்போகவா என்று கேட்டேன்.

"உன் வூடு தாம்பரம்தானே? அங்கேருந்து இன்னா தூரம்? இட்டுக்கினு போயி வச்சிக்கப்பா. ஒரு நாள்தானே" என்றார்.

கூட்டிப்போனேன். அம்மா பதறினாள். அக்கா அடுப்பில் இன்னொரு படி அரிசி போட்டாள். வந்தவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, மறுநாள் அக்காவின் மீன்குழம்பைத் தின்று, கண்ணில் நீர் வழியச் சிரித்துவிட்டுப் போனார்கள். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். அடுத்த மாதம் விமானம் ஒன்றும் ரத்தாகவில்லை. ஆனாலும் கம்பெனி வேன் துறைமுகத்திலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. அதற்கடுத்த மாதமும் வந்தது. சிங்கப்பூரில் இருந்த கப்பல் கம்பெனிக்கு என்னவோ ஹோட்டல் பில்தான் போயிற்று. அது எனக்குத் தெரியும், ஆபீஸில் டீ கொண்டுவருகிறவருக்கும் தெரியும். இந்தத் தொழிலில் முதல் பாடமே, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், அதிலும் பாதியை வாயிலேயே வைத்துக்கொள் என்பதுதான்.

ஒரு தடவை தைரியமாகச் சொல்லிப் பார்த்தேன். "சார், வீட்ல கல்யாணம் ஆக வேண்டிய அக்கா இருக்காங்க. தெருவுல ஒரு மாதிரி பேசறாங்க."

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன் அக்கா எனக்கும் தங்கச்சி மாதிரிப்பா. தங்கச்சி வூட்டுக்கு நாலு விருந்தாளி அனுப்பக் கூடாதா? இஷ்டம் இல்லன்னா சொல்லிடு. பீச் ஸ்டேஷன்ல எறங்கி இந்த வேலைய கேட்டுக்கினு வர்றவன் எத்தினி பேர் கீறான் தெரியுமா?"

அந்தத் தங்கச்சிப் பாசத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அக்கா எங்கள் பகுதியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பா போன பிறகு அவள் சம்பளத்தில்தான் நான் கல்லூரி முடித்தேன். முப்பது தாண்டிவிட்டாள். அதைப் பற்றி அம்மா ஜெபத்தில் அழுவாள். அக்கா அழ மாட்டாள், "ஜெபத்தைச் சீக்கிரம் முடிம்மா, பருப்பு தீயுது" என்பாள். கப்பல்காரர்கள் விஷயத்தில் எங்கள் வீட்டில் வெட்கப்படாத ஒரே ஆள் அவள்தான். பூட்ஸோடு சமையற்கட்டுக்கு வரக் கூடாது, கிணற்றடியில் சிகரெட் பிடிக்கலாம், கூடத்தில் கூடாது என்று நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல அவர்களுக்குச் சொல்லிவைத்திருந்தாள். அவர்களும் அடங்கி நடந்தார்கள். அதில் வயதான ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர், மலை மாதிரி உடம்பு, அவளை "டீச்சர்" என்றே கூப்பிடுவார். பசியோடு வந்தவர்கள் யாராக இருந்தால் என்ன என்பது அக்காவின் கட்சி. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தெருவில் பேசினார்கள். மாதாமாதம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற வீடு என்று எங்கள் வீட்டுக்கு ஒரு அடையாளமே உண்டாகிவிட்டது.

இந்த நிலைமையில்தான் பெருங்களத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. எங்கள் சர்ச் போதகர், சபை ஐயர் என்போம், அவர் கொண்டுவந்தார். மாப்பிள்ளை ரயில்வேயில் வேலை. நாற்பதை நெருங்குகிறவர், தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று நிமிர்ந்து பார்த்தபோது வயதாகியிருந்தது. ஆனால் சம்பந்தம் ஐயருக்கு முன்னாலேயே முளைத்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். சபையார் காய்கறி கொண்டுவந்து படைக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அக்கா கொண்டுபோய் வைத்த பூசணிக்காயை அந்த மனுஷர் யாரும் கேட்காத விலைக்குக் கேட்டு எடுத்தார். ஆலயமே சிரித்தது. அவர் காது சிவந்துபோய், பூசணிக்காயைக் கைக்குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது அக்கா திடீரென்று, "மீசைதான்டா ரொம்ப நரைச்சுப்போச்சு" என்றாள். யாருடைய மீசை என்று நான் கேட்கவில்லை. அவள் ஒரு மனிதனின் மீசையைப் பற்றிப் பேசி நான் கேட்டதே அதுதான் முதல் தடவை.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அண்ணன்தான் எல்லாம். அண்ணன் கஸ்டம்ஸில் அதிகாரி. கஸ்டம் ஹவுஸில் மேஜை வேலை, கறாரான ஆள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவற மாட்டார் என்று ஐயர் சொன்னார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் முதலாளியிடம் போய் அந்தச் சனிக்கிழமை மட்டும் வேண்டாம் சார் என்று கேட்டுக்கொண்டேன். விஷயத்தையும் சொன்னேன்.

"அட, நல்ல சேதி! மாப்ள வூட்ல இன்னா பண்றாங்க?" என்று விசாரித்தார். சொன்னேன். கஸ்டம்ஸ் என்றதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிப்பா, அன்னிக்கு ஒண்ணும் வராது, போ" என்றார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வேன் வந்து நின்றது. கடல் மோசமாக இருந்ததால் கப்பல் ஒரு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டதாம். டிரைவர் என் முகத்தைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டான்.

"இன்னா சார் மொறைக்கிற? மொதலாளிதான் இங்க எறக்கு, அவனுக்கு நான் சொல்லிக்கிறேன்னாரு. நான் இன்னா பண்றது? வண்டி திருப்பிக்கினு ஹார்பர் போவணும், பேஜார் பண்ணாத."

நான்கு பேர் இறங்கினார்கள். முன்னால் ஸ்காட்லாந்துக்காரர். வீட்டுக்குள் அக்கா புது மஞ்சள் புடவையில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாள். கப்பல்காரர்களைக் காலாற நடந்துவிட்டு வாருங்கள் என்று நான் வெளியே அனுப்ப முடியாது, ஜாமீன். அவர்களோடு நானும் போய்விட முடியாது. வருகிறவர்களை வரவேற்க வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். நான்கு பேரையும் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், இங்கேயே இருங்கள், உள்ளே வராதீர்கள் என்று கெஞ்சினேன். சரி சரி என்று தலையாட்டினார்கள்.

பெருங்களத்தூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை, அண்ணன், அண்ணி. பேச்சு நன்றாகத்தான் போனது. அக்கா டீ கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் வழியாக ஸ்காட்லாந்துக்காரர் இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாக எட்டிப் பார்த்து, வாளிக் கயிறு கிணற்றுக்குள் விழுந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார்.

அண்ணன் கையில் இருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"யாரு இவங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஊழியக்காரங்க, தம்பி. வெளிநாட்டுல இருந்து ஊழியத்துக்கு வந்திருக்காங்க. நம்ம வீட்ல ரெண்டு நாள் தங்கியிருக்காங்க. ஸ்தோத்திரம்."

துளை போடுகிறவனைப் பிரசங்கம் பண்ண வந்த தேவ ஊழியக்காரனாக்க எங்கள் அம்மாவுக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. வேறு வீடாக இருந்தால் உறவுக்காரரின் சிநேகிதர், சினிமா எடுக்க வந்தவர் என்று எதையாவது சொல்லியிருப்பார்கள். எங்கள் வீட்டில் வெள்ளைக்காரனுக்கு இருந்த ஒரே கௌரவமான காரணம் அதுதான். அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்தே நின்றார். இது கர்த்தர் காட்டும் அடையாளம் என்றார். இந்தக் காரியத்துக்காக அவரே ஒரு ஜெபம் பண்ணட்டும் என்று ஆசைப்பட்டார். ஆசையை ஆங்கிலத்தில் அந்த மனிதரிடமே சொல்லிவிட்டார்.

ஸ்காட்லாந்துக்காரர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மஞ்சள் புடவையைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, கிணற்றடிக்குப் போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, தலைகுனிந்து கைகோத்து நின்றார். ஆண்டவரே, இந்த வீட்டில் எங்களுக்குச் சாப்பாடு கிடைத்தது, அதற்கு நன்றி, கடலில் இருக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ளும், இந்த டீச்சர் சந்தோஷமாக இருக்கட்டும் என்று முடித்தார். நான் எத்தனையோ போதகர்களின் ஜெபத்தைக் கேட்டிருக்கிறேன். அவ்வளவு சுருக்கமாகவும் உண்மையாகவும் ஒன்றை அதற்குப் பிறகு கேட்கவில்லை. எல்லோரும் ஆமென் சொன்னோம். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு உறுதி செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். போகும்போது மாப்பிள்ளை வாசலில் நின்று அக்காவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அக்கா அம்மா மேல் பாய்ந்தாள். "ஏம்மா பொய் சொன்னே? கப்பல்ல வேலை பார்க்கிறவங்க, தம்பி கம்பெனி ஆளுங்கன்னு சொன்னா என்ன? அவங்க என்ன திருடினாங்களா?"

"நீ சும்மா இருடி. காரியம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் அம்மா.

அப்புறம் சொல்ல அவசியம் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு மீனம்பாக்கம் போனேன். அங்கே சாமான் சோதனை மேஜைக்குப் பின்னால் வெள்ளைச் சீருடையில் மாப்பிள்ளையின் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கஸ்டம்ஸ்காரர்களை ஹவுஸிலிருந்து துறைமுகத்துக்கும் துறைமுகத்திலிருந்து விமான நிலையத்துக்கும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருப்பார்கள். இவரை அந்த வாரம்தான் அங்கே போட்டிருந்தார்கள். இந்தத் தொழிலில் இருந்துகொண்டு நான் அதை யோசித்திருக்க வேண்டாமா?

எங்களைக் கண்டதும் அவர் சிரித்தார். ஸ்காட்லாந்துக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு வழக்கப்படி பையைத் திறக்கச் சொன்னார். எண்ணெய்க் கறை படிந்த ஓவரால், மண் ஒட்டிய இரும்பு மூக்கு பூட்ஸ், துளைக் கப்பலின் பெயர் எழுதிய ஹெல்மெட், ஒரு பாட்டில். அடுத்தவன் பையிலும் அதேதான். நான்காவது பையை அவர் திறக்கச் சொல்லவில்லை. என் கையில் இருந்த கம்பெனி கடிதத்தைப் பார்த்தார். சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை.

"எந்த சபை ஊழியம் தம்பி இது?" என்றார் மெதுவாக. எனக்குப் பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. நான் நகர்ந்துவிட்டேன்.

ஐயர் மூலமாகச் சேதி வந்தது. நியாயமான சேதி, அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன். பொய்யை மன்னிக்கலாம், பெண்ணைப் பெற்றவள் பயத்தில் சொன்னது. ஆனால் விசாரித்ததில் மாதாமாதம் வெளிநாட்டு மாலுமிகள் அந்த வீட்டில் வந்து தங்குவதாகத் தெருவில் சொல்கிறார்கள். கல்யாணமாகாத பெண் இருக்கிற வீட்டில் அவர்கள் ஏன் தங்க வேண்டும்? கம்பெனிதான் தங்க வைக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் கம்பெனிக்காரர் வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லட்டும், அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இவ்வளவுதான் அவர் கேட்டது. மாப்பிள்ளையும் அக்காவின் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, "அண்ணன் மனசு சமாதானம் ஆயிட்டா போதும் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா அதை எங்களிடம் சொன்னபோது டீச்சர் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். அவர் மறுப்பார், காலில் விழ வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். "அட, இவ்ளோதானா? நானே வர்றேன். ஞாயித்துக்கெழம வச்சிக்க" என்றார். இந்த மனுஷரை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று ரயிலில் வரும்போது வருத்தப்பட்டேன்! வீட்டில் சொன்னேன். அக்கா அன்று தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து முதலாளியும் நானும் அவர் காரில் பெருங்களத்தூர் போனோம். சஃபாரி சூட், கையில் பெரிய கேக் பெட்டி. அண்ணன் வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். உள்ளே மாப்பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். முதலாளியும் அண்ணனும் கஸ்டம் ஹவுஸ் பெரிய அதிகாரிகளைப் பற்றி, யார் எங்கே மாற்றலானார் என்பதைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். முதலாளிக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது. கடைசியில் அண்ணனே கேட்டார்.

"உங்க கப்பல் ஆளுங்களை இவங்க வீட்லதான் தங்க வைக்கிறீங்களா, சார்?"

முதலாளி கேக்கை மென்று விழுங்கினார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

"எங்க ஆளுங்க எல்லாரும் ஹோட்டல்லதான் சார் தங்கறாங்க. அதான் எங்க வழக்கம். பில்லு எல்லாம் கீது, எப்ப வேணா பாக்கலாம். தம்பி நல்ல பையன். கொஞ்சம் விருந்தோம்பல் ஜாஸ்தி. பழகின ஆளுங்களை அவனே வூட்டுக்கு இட்டுக்கினு போயிடறான் போல. நான்கூட சொல்லிக்கினே இருக்கேன்."

"சார்! நீங்கதானே சார் போன்ல இட்டுக்கினு போன்னு சொன்னீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

அவர் என் தொடையைத் தட்டினார். "ஒரு வாட்டி ஃப்ளைட் கேன்சல் ஆச்சு சார், அப்ப சொன்னேன். அது ஒரு வாட்டி."

எவ்வளவு அழகான பதில். பாதி உண்மை, அதுவும் கேட்ட பிறகு. நான் எத்தனையோ கப்பலில் கேப்டன் அறையில் இவர் பக்கத்தில் நின்று, கஸ்டம்ஸ்காரர்கள் கேட்க, இவர் இதே மாதிரி பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அப்படியிருந்தும், ஒரு ஏஜெண்டை ஒரு கஸ்டம்ஸ்காரர் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்து உண்மை சொல்வான் என்று எதிர்பார்த்தேனே, என்னை எதால் அடிப்பது? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

அண்ணன் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, மேஜையில் திறந்த பையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன், ஒரு வார்த்தை பேசுவார் என்று. பேசவில்லை. பூசணிக்காய்க்கு இருந்த தைரியம் பெண்ணுக்கு இல்லை.

திரும்பும்போது காரில் முதலாளி சாதாரணமாகச் சொன்னார். "கோச்சிக்காதப்பா. கஸ்டம்ஸ்காரன் எதுர்ல உக்காந்துகினு கீறான். அவன் முன்னால போயி, ஆமாம் சார், வூட்ல தங்க வச்சிட்டு ஹோட்டல் பில்லு அனுப்பறேன்னு சொல்ல சொல்றியா? நாளைக்கே துருவ ஆரம்பிச்சிடுவான். லைசென்ஸ் பூடும். நாப்பது குடும்பம் கீது ஆபீஸ்ல. உன் அக்காவுக்கு வேற மாப்ளையா கெடைக்காது?"

இரும்புலியூரில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி நடந்தேன். அவர் பெருங்களத்தூருக்கு வந்ததே எங்களுக்காக இல்லை. கஸ்டம்ஸ்காரர் காதில் ஏறியிருந்த ஒரு சங்கதியை, ஏறின இடத்திலேயே போய் அழித்துவிட்டு வருவதற்காக. அதற்கு வழித்துணை நான்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்கி முடித்தாள். ஐயர் அந்த வாரமே வந்து, அவர்கள் வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஊரப்பாக்கத்தில் பெண் எடுத்தார்கள் என்று அடுத்த வருஷம் கேள்விப்பட்டோம். அக்கா அதற்குப் பிறகு யாரையும் பார்க்கச் சம்மதிக்கவில்லை. தொண்ணூறுகளில் அவள் அதே பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை ஆனாள்.

நீ வேலையை விட்டுவிட்டாயா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். விடவில்லை. ராஜினாமா எழுதிக் கிழித்துப் போட்டேன் என்று கதை விடுகிற ஆட்கள் உண்டு. நான் எழுதவே இல்லை. திங்கட்கிழமை வழக்கமான ரயிலைப் பிடித்து, பீச் ஸ்டேஷனில் இறங்கி, அதே மனிதருக்குக் குட்மார்னிங் சொன்னேன். அந்தத் துளைக் கப்பலும் நாலைந்து இடத்தில் தோண்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வேறு கடலுக்குப் போய்விட்டது. எண்ணெயாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை.

ஆனால் அந்தக் கப்பல் போவதற்கு முன்னால், பெருங்களத்தூர் விவகாரம் முடிந்த அடுத்த மாதம், ஆட்கள் மாறுகிற நாள் வந்தது. காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் எல்லோரும் ஹோட்டலுக்குத்தான், நீயும் அங்கேயே அவர்களோடு இருந்து ஏற்றிவிட்டுப் போ என்றார். காரணம் சொல்லவில்லை. ஒரு கஸ்டம்ஸ்காரர் முன்னால் வாய்விட்டு ஒன்றைச் சொல்லிவிட்ட பிறகு அதன்படி நடந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம், அவ்வளவுதான். நான் கேட்டு நடக்காதது, எங்களுக்காக இல்லாமல் நடந்தது. வீட்டில் போன் கிடையாது, சொல்ல வழியில்லை. ஆட்களை விமானம் ஏற்றிவிட்டு மறுநாள் மத்தியானம் வீட்டுக்குப் போனேன்.

சமையற்கட்டில் பெரிய சட்டி நிறைய மீன்குழம்பு இருந்தது. கூடத்தில் பாய்கள் விரித்தது விரித்தபடி கிடந்தன. அக்கா முந்தின நாள் சாயங்காலம் பூராவும் வேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"எங்கடா அவங்க?"

"ஹோட்டல்ல போட்டுட்டாங்கக்கா. இனிமே எப்பவும் ஹோட்டல்தானாம்."

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து ஒரு பாயைச் சுருட்டினாள். சுவரில் சாய்த்தாள். அடுத்ததைச் சுருட்டும்போது நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப உன் முதலாளி சொன்னதே நிஜமாயிடுச்சு. இனிமே யாரு வந்து விசாரிச்சாலும், நாமதான்டா பொய்யி" என்றாள்.